பர்ஜஸின் வண்டி மண்டியிட்ட வரலாறு

உம்மு ஸித்ர் ஊரில் ஓர் ஆண்மகனின் உயரத்தை அவன் தலையை வைத்து யாரும் அளப்பதில்லை. அவனுடைய பிக்கப்பின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்பதுதான் அங்கே அளவு. கல்யாணம் முடிந்தால் வண்டியைக் கொஞ்சம் தூக்குவார்கள். ஆண்பிள்ளை பிறந்தால் இன்னும் கொஞ்சம். பங்காளி தூக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டால் வேறு காரணமே வேண்டாம், அன்றைக்கே தூக்கிவிடுவார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த வண்டிக்கு ஊரில் ஷாஸ் என்று பெயர். மணலில் போகத்தான் உயர்த்துகிறோம் என்பார்கள். அவ்வளவு உயரம் தேவையில்லை என்பது மணலுக்குத் தெரியும். அது வாய் திறந்ததில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரில் பர்ஜஸ் என்றொருவர் தம் ஷாஸைத் தணித்தார். புத்தி தெளிவோடு, பட்டப்பகலில், சொந்தச் செலவில் தணித்தார். அன்னாரின் வாழ்க்கையில் எழுதிவைக்கத்தக்கது அது ஒன்றுதான்.

மற்றபடி அவர் வாழ்க்கை மேடுபள்ளம் இல்லாத தார்ச்சாலை. எல்லைக் காவலில் வேலை பார்த்தார். எதிரி எவனும் வரவில்லை. வழிதவறி வந்த ஒட்டகங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றார். கொஞ்சம் ஆடுகள் உண்டு. நவ்ஃபா என்று மனைவி, ஸாரி என்று மூத்த மகன். அந்த மகனை முன்னிட்டு ஊர் அவரை அபூ ஸாரி என்று அழைத்தது. மாலையில் ஆண்கள் கூடிக் காப்பி குடிக்கும் மஜ்லிஸில் அவருக்கு நடுவரிசையில் ஓர் இடம் இருந்தது. கேட்டால் பேசுவார். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

மேல்வரிசையில் உட்காருகிறவர் அவருடைய பெரியப்பா மகன் ஹவ்வாஸ். ஊரிலேயே உயர்ந்த ஷாஸ் அவருடையதுதான். அதன் அடியில் ஆடுகள் நின்ற நிலையிலேயே அசைபோடும். அதில் ஏறுவதற்கு ஹவ்வாஸே மூச்சை இழுத்துப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, கைப்பிடியைப் பற்றிக் கொஞ்ச நேரம் தொங்குவார். இறங்குவதை யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து இறங்குவார்.

அந்த ஆண்டு மழை சரியான வேளையில், நல்ல இடியோடு பெய்தது. இடி விழுந்தால்தான் மண்ணுக்குள் ஃபகா விளையும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். உருளைக்கிழங்கு போலிருக்கும் அந்தக் காளானுக்காக மனிதர்கள் பொய் சொல்வார்கள், நண்பனை நடுவழியில் விட்டுப் போவார்கள், தொழுகையைக்கூடக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். பாலை பச்சை கட்டியது. ஊர் கூடாரங்களை ஏற்றிக்கொண்டு மேய்ச்சல் வெளிக்குப் போய்வரத் தொடங்கியது.

பர்ஜஸின் தாய் தர்ஃபா மட்டும் வரவில்லை என்றுவிட்டார். போன மழைக்கு அவர் சொன்ன காரணம் கூடாரத்துப் புகை. இந்த மழைக்குக் குளிர். ஹவ்வாஸின் தாய் ஷாஹாவும் சில ஆண்டுகளாக வெளியே போவதில்லை. கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். ஊரில் வயதான பெண்கள் எல்லாருக்குமே பாலை பச்சையாகிற சமயம் பார்த்து வீட்டோடு ஏதாவது ஒரு வேலை வந்து சேரும். அது எப்படி என்று ஆண்கள் யோசித்ததில்லை. அவர்களுக்கு வண்டி உயர்த்துகிற வேலை இருந்தது.

ஒருநாள் காலையில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிய பர்ஜஸ், வாசலில் நின்ற தம் ஷாஸின் பக்கத்தில் தாயைக் கண்டார். தர்ஃபா கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கையால் இருக்கையைப் பற்றி, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். கால் பாதி உயரத்தில் நின்றது. இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தி, வண்டியின் மேல் தூசி தட்ட வந்தவர் போல ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். சுவரோரம் ஒதுங்கி நின்ற மகனுக்குப் புகையும் புரிந்தது, குளிரும் புரிந்தது.

அன்றைக்கே அவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வண்டிக் கதவுக்குக் கீழே படியாக வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல நின்றார். தர்ஃபா பெட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"கோழியா நான், கூண்டுல ஏத்த?"

"முழங்கால் வலிக்குதா உம்மா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாதத நீயும் சொல்லாத. என்னைய இன்னிவரைக்கும் ஒருத்தன் தூக்கி ஏத்தினதில்ல. உன் வாப்பாகூட ஒட்டகத்தத்தான் மண்டி போட வச்சாரு. என் காலப் பத்தின பேச்சு இந்த வாசலத் தாண்டுச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

ஸாரியின் கார் இருக்கிறதே, தாழ்வாக, சொகுசாக, என்று நவ்ஃபா இழுத்துப் பார்த்தார். டவுன் காரில் உட்கார்ந்து பாலைக்குப் போவது சவப்பெட்டியில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி என்று பதில் வந்தது. தவிர, அந்தக் கார் மேய்ச்சல் வெளிக்குப் போய்ச் சேராது. ஊர் எல்லையிலேயே உட்கார்ந்துவிடும்.

பர்ஜஸ் யோசித்தார். தாயை உயர்த்த முடியாது. மிச்சமிருப்பது வண்டி.

பட்டறைத் தெருவில் பாதாம் குல் என்ற பெஷாவர்க்காரர் இருந்தார். உம்மு ஸித்ரின் மொத்த உயரத்துக்கும் காரணகர்த்தா அவர்தான்.

"எவ்வளவு தூக்கணும் ஷேக்?" என்றார் பாதாம் குல், அளவுக் குச்சியை எடுத்துக்கொண்டே.

"எறக்கணும்."

பாதாம் குல் கையைத் துணியில் துடைத்தார். வண்டியைப் பார்த்தார். அப்புறம் பர்ஜஸின் முகத்தை, நோயாளியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

"வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம்."

"கண்ணு கிண்ணு பட்டுடுச்சா? ஓதிப் பாத்தீங்களா?"

"பாதாம் குல், எறக்கித் தருவியா மாட்டியா?"

இறக்கித் தரலாம், ஆனால் ஷட்டரையும் இறக்கிவிட்டுத்தான் என்றார் பாதாம் குல். தம் பெயர் வெளியே வரக்கூடாது, பிள்ளைகுட்டிக்காரர். அப்படியே ஆயிற்று. உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்புறத்தில் வில் போல வளைந்து வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளின் கட்டை அவிழ்த்து, தாமே ஒரு காலத்தில் கூடுதலாகச் சொருகிய பட்டைகளையும் அதற்குக் கீழிருந்த சிலவற்றையும் உருவினார். முன்புறம் நெட்டைச் சுருள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குட்டையானவற்றைப் பொருத்தினார். அதற்குத் தக்க ஷாக் அப்சார்பர். சட்டமும் அச்சும் முட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ரப்பர் கட்டைகளைச் சீவினார். பெரிய டயர்களைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார். ஜாக்கியைத் தளர்த்தியபோது வண்டி இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. பாதாம் குல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி இதில் பாரம் ஏற்ற முடியாது, தடத்தின் நடுமேட்டில் வயிறு தட்டும், குழியில் இறங்கினால் அதிர்ச்சி முதுகெலும்புவரை ஏறும் என்று எச்சரித்து அனுப்பினார். பர்ஜஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கதவைத் திறந்தால் இருக்கை அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊருக்கு வேண்டியது அவ்வளவல்ல.

பாலைக்காரர்கள் வண்டியை முன்னாலிருந்து பார்ப்பதில்லை. பின்னாலிருந்து, பட்டையைப் பார்ப்பார்கள். பட்டை வளைந்து வண்டி தாழ்ந்திருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. எவ்வளவு தாழ்வோ அவ்வளவு சரக்கு. பார்லியா, விறகா, ஆடா என்றுகூடத் தாழ்வை வைத்தே சொல்லிவிடுவார்கள். இதில் அவர்கள் தவறியதே இல்லை. தானாகத் தணிந்த வண்டி அதுவரை ஊரில் இருந்ததில்லை அல்லவா.

பெட்ரோல் பங்கில் முதன்முதலாக ஹவ்வாஸ்தான் அதைப் பார்த்தார். பின்தட்டில் தார்ப்பாய் கட்டியிருந்தது. மழைக்காலம். ஃபகாக் காலம். அவர் கிட்டே வந்தார்.

"என்ன சாச்சா மவனே, பாரம் பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காலிதான்."

ஃபகா கிடைத்தவன் என்ன சொல்வானோ அதை எழுத்துப் பிசகாமல் பர்ஜஸ் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் பழைய காலத்திலிருந்து, தட்டு நிறைய ஃபகாவோடு வருகிற ஒவ்வொருவனும் "ஒண்ணுமில்ல, காலிதான்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறான். உண்மையிலேயே காலியாக வருகிறவன்தான் "கொஞ்சம் கெடச்சுது" என்பான்.

பர்ஜஸ் நேர்மையானவர். தார்ப்பாயை அவிழ்த்தே காட்டினார். தட்டு காலி. வண்டி தாழ்ந்தபடியே இருந்தது. ஹவ்வாஸ் குனிந்து பட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து பர்ஜஸைப் பார்த்தார். அவர் கண்ணில் முன்பு இல்லாத ஒரு மரியாதை வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது: பர்ஜஸ் ஏற்றிய ஃபகாவின் பாரம் தாங்காமல் பட்டையே படுத்துவிட்டது, இறக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

அன்று மஜ்லிஸில் அவருக்கு மேல்வரிசையில் இடம் விட்டார்கள். காப்பிக் கோப்பை வழக்கத்துக்கு மாறாக ஹவ்வாஸுக்கு முன்பே அவரிடம் வந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் நேரடியாகக் கேட்கவில்லை, அது அநாகரிகம். வடக்கே காற்று எப்படி, கிழக்கே புல் எப்படி என்று வானிலை விசாரித்தார்கள். அவர் எந்தத் திசைக்குக் கண் சிமிட்டுகிறார் என்று கவனித்தார்கள். தூசி விழுந்து ஒருமுறை சிமிட்டினார். மறுநாள் பாதி ஊர் தென்கிழக்கே போய்த் திரும்பியது.

நம்பாதவர்களும் இருந்தார்கள். பர்ஜஸுக்கு டவுன் பையன்களின் நோய் வந்துவிட்டது, அடுத்து வண்டிக்கு அடியில் நீல விளக்குப் போடுவார் என்றார்கள். ஒருநாள் ஹவ்வாஸ் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்.

"ஃபகா இல்லேங்கிற. சரி, நம்புறோம். அப்ப ஏன் எறக்கின? நம்ம குடும்பத்துல எவன் வண்டியும் தவழ்ந்ததில்ல. ஒரு காரணம் சொல்லு, தெரிஞ்சுக்கிறோம்."

காரணம் பர்ஜஸின் நாக்கு நுனியில் இருந்தது. என் உம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் மஜ்லிஸ் முழுக்க எழுந்து அவர் நெற்றியில் முத்தமிட்டிருக்கும். ஊர் உள்ளவரை தாய்க்குப் பணிவிடை செய்த மகன் என்ற பெயர் நின்றிருக்கும். மறுநாள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தர்ஃபாவின் முழங்காலுக்கு எண்ணெய் சொல்லியிருப்பார்கள். தர்ஃபா கதவைச் சாத்தியிருப்பார். அவர் பாலைக்குப் போவதும் அத்தோடு முடிந்திருக்கும்.

பர்ஜஸ் காப்பியை விழுங்கினார்.

"காத்து கம்மியா அடிக்கும்னு" என்றார்.

மஜ்லிஸ் சிரித்தது. இவ்வளவு மட்டமான பொய்யைச் சொல்கிறவனிடம் இவ்வளவு பெரிய ஃபகாக் காடு இருக்கத்தான் வேண்டும் என்று முடிவானது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நவ்ஃபாவும் ஸாரியும் கூடாரம் போட ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். தர்ஃபா கைத்தடியோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்து நின்றார். கிட்டே வந்தார், முதுகு காட்டித் திரும்பினார், இருக்கையில் உட்கார்ந்தார், காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார், கதவைச் சாத்தினார். யாரும் தொடவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகுதான் பேசினார்.

"என்ன இது, நோவு கண்ட ஒட்டகம் மாதிரி ஒக்காந்திருக்கு?"

"ஸ்பிரிங் பழசாப் போச்சு உம்மா. தானா எறங்கிடுச்சு."

"வயசாச்சுன்னா எறங்கத்தான் செய்யும்" என்றார் தர்ஃபா, சாலையைப் பார்த்தபடி.

ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் தூசி தெரிந்தது. ஹவ்வாஸின் வண்டி முன்னால். அதன் பின்னால் ஊரின் உயரங்களெல்லாம் வரிசையாக. ஃபகா இருக்கும் இடத்துக்கு அவரைத் தொடர்ந்து போய்விடுவது என்று தனித்தனியே ரகசியமாக முடிவு செய்தவர்கள், ஒருவரை ஒருவர் அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள்.

நேர்வழியில் மணல். வயிறு தட்டுமே என்று பர்ஜஸ் கல்தரை வழியாகச் சுற்றினார். பின்னால் வந்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. எதுவும் இல்லாதவன் ஏன் சுற்றுவான்? தர்ஃபாவுக்குச் சுற்றுவழி பிடித்திருந்தது. சாமந்தி வாசனை வருகிறது பார், இங்கேதான் உன் அக்கா பிறந்தாள், அந்த மேட்டில்தான் நம் கிணறு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரலை அவ்வளவு உயரத்தில் பர்ஜஸ் கேட்டு நாளாகியிருந்தது. அந்தக் குரலில் லயித்ததில் நடுமேட்டைக் கவனிக்கவில்லை. தண்ணீர் லாரிகள் ஈரத்தில் வெட்டிய ஆழமான தடம். சக்கரம் பள்ளத்தில் இறங்க, நடுமேடு வண்டியின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. நாலு சக்கரமும் சுற்றின, நாலும் சும்மா சுற்றின.

பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. பாலையில் மாட்டிக்கொண்டவனைப் பார்த்தும் உதவிக்குப் போகாதவன் மனிதனே இல்லை என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போனால், பின்தொடர்ந்து வந்தது தெரிந்துவிடும். ஆகவே பார்க்காத மாதிரி நின்றார்கள். ஒருவர் டயரில் காற்று பார்த்தார். ஒருவர் மாவுப் பலகை போல விரிந்த வெட்டவெளியில் தொழுகைக்குக் கிப்லா திசை தேடினார். ஹவ்வாஸ் அடுப்பு பற்றவைத்து டீ போட ஆரம்பித்தார்.

"யாரது?" என்றார் தர்ஃபா.

"ஹவ்வாஸ்."

"நாம மாட்டிக்கிட்டது தெரியலையா அவனுக்கு?"

"தெரியுது உம்மா."

தர்ஃபா கதவைத் திறந்தார், கால்களை வெளியே போட்டார், எழுந்து நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு சமதரையில் அவர்களை நோக்கி நடந்தார். கிழவி நாலடி வைப்பதற்குள் டீ மண்ணில் கொட்டியது, காற்று பார்த்தவர் ஓடிவந்தார், கிப்லா கிடைத்துவிட்டது. எல்லாரும் கயிறோடும் மண்வெட்டியோடும் சூழ்ந்துகொண்டு, தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாக ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சொன்னார்கள்.

ஹவ்வாஸுக்கு வெட்கம் அதிகம் என்பதால் மரியாதையும் அதிகமாகப் பொங்கியது.

"சாச்சி, வெயில்ல நிக்காதீங்க. இழுத்து முடிக்கிறவரைக்கும் என் வண்டியில ஏறி உக்காருங்க" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இருக்கை தர்ஃபாவின் தோளுக்கு நேரே இருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். வேலை செய்தவர்கள் நிறுத்தி அவரையே பார்த்தார்கள். பர்ஜஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தார். இத்தனை நாள் தாம் காத்தது இத்தனை பேர் முன்னால், ஒரு திறந்த கதவுக்குக் கீழே வெளியாகப் போகிறது. என்ன பொய் சொல்லலாம் என்று தேடினார். காற்றுதான் நினைவுக்கு வந்தது.

தர்ஃபா தடியால் ஹவ்வாஸின் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"மேல ஒக்காந்து என்னத்தப் பாக்க? வானத்தையா? நான் ஃபகா தேட வந்தவ. அது முட்டிட்டு வர்ற எடத்துல மண்ணு லேசா வெடிச்சிருக்கும். தாழ்வா ஒக்காந்து பாத்தாத்தான் கண்ணுல படும். அதுக்குத்தான் இவன எறக்கச் சொன்னேன். உங்களுக்கெல்லாம் சொல்லிட்டானாக்கும்?"

"இல்ல சாச்சி" என்றார் ஹவ்வாஸ் மெல்ல. "காத்துன்னான்."

"நல்ல புள்ள" என்றார் தர்ஃபா.

வண்டியை இழுத்துவிட்டார்கள். தங்கள் கண்கள் இத்தனை ஆண்டு எவ்வளவு உயரத்தில் வீணாயின என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு பட்டறைத் தெருவில் ஷட்டர் இறங்கவே இல்லை, இறங்கியதெல்லாம் வண்டிகள். பாதாம் குல்லின் வாசலில் உருவிய பட்டைகள் விறகு போலக் குவிந்தன. தாம்தான் முதலில் இறக்கிக் கொடுத்தது என்று அவர் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஹவ்வாஸ் கடைசிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாரையும்விடத் தாழ்வாக இறக்கினார். பாலையெங்கும் வண்டிகள் நடுமேட்டில் வயிறு வைத்துக் கிடந்தன; ஒன்றை இழுக்க வந்த இன்னொன்றும் பக்கத்திலேயே படுத்தது. மழை பெய்த எந்த ஆண்டிலும் கிடைப்பது போல அந்த ஆண்டும் ஃபகா கிடைத்தது. புகழ் முழுவதும் தாழ்வுக்குப் போயிற்று.

ஒருநாள் காலை ஹவ்வாஸ் வண்டியை எடுக்கப் போனபோது அவர் தாய் ஷாஹா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்றார். அந்த மழைக்கு உம்மு ஸித்ரில் வீட்டுவேலை மிச்சமிருந்த கிழவி ஒருத்தியும் இல்லை. மேய்ச்சல் வெளியில் தர்ஃபாவின் கூடாரத்து நெருப்பைச் சுற்றி எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. ஆண்கள் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக நிற்கும். தங்கள் தாய்மார்களுக்குத் திடீரென்று பாலை மேல் ஆசை வந்தது ஏன் என்று ஹவ்வாஸ் மஜ்லிஸில் கேட்டார். மழை அப்படி, என்றார்கள்.

புல் காய்ந்ததும் எல்லாரும் திரும்பவும் பாதாம் குல்லிடம் போய்ப் பட்டைகளைச் சொருகிக்கொண்டார்கள். அடுத்த இடிக்கு மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பர்ஜஸையும் பாதாம் குல் கூப்பிட்டுவிட்டிருந்தார். கிளம்பும்போது தர்ஃபா வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"எங்க கொண்டு போற?"

"பட்டறைக்கு. எல்லாரும் தூக்குறாங்க உம்மா. நம்ம ஸ்பிரிங்கையும்…"

"அது பழசுன்னியே."

"ஆமா."

"அப்பறம் ஏன் அதப் போட்டு நிமித்துற? அதுக்கு மட்டும் வலிக்காதா" என்றார் தர்ஃபா. சொன்னபிறகு, வண்டியின் மேல் ரெண்டு தட்டுத் தூசி தட்டிவிட்டு உள்ளே போனார்.

பர்ஜஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மஜ்லிஸுக்கு நடந்தார். மேல்வரிசையில் இடம் விட்டார்கள். உன் வண்டியை மட்டும் ஏன் இன்னும் தூக்கவில்லை, காய்ந்த மண்ணில்கூட ஏதாவது அகப்படுகிறதா என்று ஹவ்வாஸ் கோப்பையை நீட்டியபடி கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார் பர்ஜஸ். "காலிதான்."